கொடி நிலை: டிரம்மில் சரியாக வருகிறது, குதிரை மேல் குலைகிறது. எங்கே திருத்துவது?

சவுக்குத்தோப்பு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே கடலை ஒட்டிய மணல் திடலில் குதிரை வால்டிங் (நடுவில் ஒருவர் கயிறு பிடிக்க, வட்டமாகப் போகும் குதிரையின் முதுகில் செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸ்) பயிற்சி நடக்கிறது. 10 முதல் 14 வயதுக்குள் ஒன்பது பிள்ளைகள். சாதுவான கத்தியவார் பெட்டைக் குதிரை ஒன்று. இரண்டு 200 லிட்டர் டிரம்களை நீளவாக்கில் சேர்த்து, மெத்தை சுற்றி, முன்னால் இரண்டு கைப்பிடி வைத்த டிரம் குதிரை ஒன்று.

சிக்கல் ஃபிளாக் நிலையில். நாங்கள் கொடி நிலை என்கிறோம். இடது கணைக்காலும் வலது கையும் ஊன்றி, வலது காலைப் பின்னாலும் இடது கையை முன்னாலும் நீட்டுவது. டிரம்மில் எட்டு எண்ணும் வரை ஆடாமல் நிற்கும் பிள்ளை, குதிரை நடக்கத் தொடங்கியதும் இரண்டு எண்ணுவதற்குள் இடப்பக்கம், அதாவது வட்டத்தின் உள்பக்கம், சரிகிறது. ஒன்பது பேரில் ஆறு பேருக்கு இதே கதை.

கவனித்தவை: வலது இடுப்பு மேலே திறந்துகொள்கிறது. ஊன்றிய வலது முழங்கை மடங்குகிறது. "காலை இன்னும் தூக்கு" என்றால் நிலைமை மோசமாகிறது. இரண்டு பிள்ளைகள் இடது முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள். பிள்ளை முழங்காலுக்கு எழும் கணத்தில் குதிரை காதைப் பின்னால் மடக்கி முதுகைத் தாழ்த்துகிறது.

டிரம்மில் இன்னும் அதிக நேரம் பிடிக்க வைப்பதா? குதிரை மேலேயே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதா? குதிரையின் தாவு ஓட்டமான கேன்டர் பற்றி இப்போது யோசிக்கவே இல்லை.

ஈரமணல்:

தோழரே, குதிரை காதை மடக்குகிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. முழங்கால் நுனி முதுகில் குத்துகிறது என்பதைத்தான் குதிரை சொல்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளின் வலியும் அதே இடத்திலிருந்து வருகிறது.

கொடி நிலையில் எடை முழங்காலில் நிற்கவே கூடாது. முழங்காலுக்குக் கீழே தொடங்கிப் புறங்கால் வரை கணைக்கால் முழுவதும் பரவ வேண்டும். சொல்லப்போனால் பாதத்துப் பக்கம் சற்றுக் கூடுதலாகவே அழுந்தலாம். கணைக்கால் முதுகுத்தண்டுக்குக் குறுக்காகச் சாய்ந்து கிடக்க வேண்டும். தண்டின் நேர்மேலே தண்டவாளம் மாதிரி வைத்தால் பக்கவாட்டுப் பிடிப்பு இருக்காது, குதிரைக்கும் எலும்பில் எலும்பு படும். கால்விரல்களை மடக்கி மெத்தையில் குத்தி நிற்கும் பிள்ளைக்குக் கணைக்கால் தானாகவே மேலே எழும்பிவிடும். எடை முழுதும் முழங்காலுக்குப் போய்விடும். பாதம் பின்னால் நீண்டு, புறங்கால் மெத்தையில் படுத்திருக்க வேண்டும்.

இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். உங்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அலை வந்து திரும்பிய ஈரமணலில், கொஞ்சம் இறுகிய இடமாகப் பார்த்து, பிள்ளையைக் கொடி நிலையில் ஐந்து எண்ணும் வரை நிற்க வையுங்கள். பிறகு எழுந்து தன் தடத்தைத் தானே பார்க்கட்டும். முழங்கால் இருந்த இடத்தில் கிண்ணம் மாதிரிக் குழி, கணைக்கால் இருந்த இடத்தில் மணல் சும்மா தேய்ந்திருக்கிறது, கால்விரல் இருந்த இடத்தில் ஐந்து சின்னக் குத்துகள்: தவறான தடம் இப்படித்தான் இருக்கும். சரியாகச் செய்தால் முழங்காலிலிருந்து புறங்கால் வரை ஒரே ஆழத்தில் ஒரு வாய்க்கால் கிடக்கும். வலது உள்ளங்கைத் தடத்தையும் பாருங்கள். கை ஆழமாகவும் கால் மேலோட்டமாகவும் பதிந்திருந்தால் பிள்ளை முன்னால் விழுந்து தொங்குகிறது. கைத்தடமே மங்கலாக இருந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

பத்து தடம் பதித்துப் பார்த்த பிள்ளைக்குப் பிறகு குதிரைமேல் "வாய்க்கால்" என்று ஒரு சொல் சொன்னாலே போதும், கால் படுத்துவிடும்.

முழங்காலுக்கு எழும் விதமும் முக்கியம். உட்கார்ந்த நிலையிலிருந்து முதலில் எடை இரண்டு கைக்கும் வர வேண்டும். தோள் கைப்பிடிக்கு மேலே வந்த பிறகே இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் எழும்பி, இரண்டு கணைக்கால்களும் ஒன்றாகப் படியும். கைக்கு எடை வராமல் எழும்பினால் கல்லைப் போட்ட மாதிரி முழங்கால் விழும். முழங்கால் படியும் இடம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும்: தோள் கைப்பிடிக்கு மேலே இருக்கும்போது ஊன்றிய தொடை செங்குத்தாக நிற்க வேண்டும். அந்த இடத்தை டிரம்மில் சுண்ணக்கட்டியால் ஒவ்வொருவருக்கும் குறித்து வையுங்கள்.

கம்பத்தாட்டம்:

மேலே சொன்னது முழுதும் சரி. நான் இடுப்புக்கு வருகிறேன். மல்லர் கம்பம், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய பிள்ளைகளிடம் இது அதிகம்.

கொடி நிலையில் பிள்ளைக்கு இரண்டே ஊன்றுதான்: முன்னால் வலது கை, பின்னால் இடது கணைக்கால். இரண்டையும் இணைத்து ஒரு கோடு போட்டால் அது மூலைக்கு மூலை குறுக்காகப் போகும். அந்தக் கோட்டுக்கு வலப்பின் பக்கம் நீட்டிய கால் இருக்கிறது, இடமுன் பக்கம் நீட்டிய கை இருக்கிறது. தராசு மாதிரிதான், ஆனால் தட்டுகள் சமமில்லை. ஒரு முழுக் கால் உடல் எடையில் சுமார் 16 சதவீதம், ஒரு கை சுமார் 5 சதவீதம். 32 கிலோ பிள்ளைக்குக் கால் 5 கிலோவுக்குமேல், கை ஒன்றரை கிலோ சொச்சம். கால் நேராகப் பின்னால், குதிரையின் வாலுக்கு மேலே நீண்டால் உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு சாண் வலப்பக்கம் விலகினாலும் தராசு வெளிப்பக்கம் சாய்கிறது. விழப்போகிறோம் என்று உணர்ந்த பிள்ளை இடது தோளைக் கீழே போட்டு உடம்பை உள்பக்கம் தள்ளுகிறது. வலது முழங்கை மடங்குவதும் அப்போதுதான். நீங்கள் பார்க்கிற உள்பக்கச் சரிவு கடைசியில் வருகிற விளைவு. முதல் தவறு வெளியே விலகிய காலில் இருக்கிறது.

கால் ஏன் விலகுகிறது? உயரம் வேண்டும் என்பதால். இடுப்பை மட்டமாக வைத்துக்கொண்டு காலைப் பின்னால் தூக்க ஓரளவுதான் இடம் உண்டு. அதற்குமேல் உயரம் கேட்டால் பிள்ளை வலது இடுப்பைத் திறந்து காலைப் பக்கவாட்டில் சுழற்றித் தூக்கும். பாதம் உயர்ந்த மாதிரித் தெரியும், ஆனால் உள்ளங்கால் வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும். அதுதான் அடையாளம். அதனால் "காலை இன்னும் தூக்கு" என்ற சொல்லை ஒரு மாதத்துக்கு விட்டுவிடுங்கள். பதிலாக "காலை நீட்டு, வாலுக்கு மேலே நீட்டு" என்று சொல்லிப் பாருங்கள். முடிவில் பாதமும் கைநுனியும் தலைக்கு மேலே வர வேண்டும், முதுகு நாட்டுப் படகின் அடிப்பக்கம் மாதிரி மெல்ல வளைய வேண்டும், உண்மைதான். ஆனால் அந்த உயரம் இடுப்பின் முன்பக்கத் தசை இளகி, பிட்டத் தசை வலுத்த பிறகு வருவது.

டிரம்மில் இப்படிப் பிரித்துப் பழக்குங்கள்:

முதலில் நாலுகால் நிலை மட்டும், 20 நொடி. அடிமுதுகின் தட்டையான இடத்தில் பாதி தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைக் குறுக்காகப் படுக்க வையுங்கள். தண்ணீர் இரண்டு முனைக்கும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அடுத்து, பாட்டில் அங்கேயே இருக்க, வலது காலை மெத்தையிலேயே தேய்த்தபடி பின்னால் நீட்ட வேண்டும், தூக்கக் கூடாது. மூன்றாவது, நீண்ட காலை மெத்தையிலிருந்து ஒரு சாண் மட்டும் மேலே. பாட்டில் உருண்டால் உயரம் அதிகம் என்று பொருள், அவ்வளவுதான். இடது கை கடைசியில்தான்: உள்ளங்கை கீழே, விரல்கள் சேர்ந்து, நுனி கண் உயரத்துக்குச் சற்று மேலே, பார்வை அந்தக் கைக்கு மேலாக முன்னால். கற்கும்போது முதலில் கால், பிறகு கை. பழகிய பிறகு இரண்டும் ஒரே கணத்தில் நீள வேண்டும், போட்டியில் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள்.

ஊன்றிய வலது முழங்கையைப் பூட்டிவைக்க விடாதீர்கள். துளி தளர்வாக, முழங்கை பின்னோக்கிப் பார்த்தபடி இருக்க வேண்டும். பூட்டிய கை குதிரையின் ஒவ்வோர் அசைவையும் அப்படியே தோளுக்கும் தலைக்கும் அனுப்பும்.

டிரம்மில் நேரத்தைக் கூட்டுவதா என்ற கேள்விக்கு: வேண்டாம். போட்டியில் பிடிக்க வேண்டியது நான்கு கேன்டர் தாவல்கள். நிமிடத்துக்குச் சுமார் 95 முதல் 100 தாவல் என்று வைத்தால் அது ஏறக்குறைய இரண்டரை நொடி. எட்டு எண்ணும் வரை நிற்கும் வலு அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது அசைகிற முதுகோடு சேர்ந்து அசையும் பழக்கம். டிரம் அசையாது, கம்பமும் அசையாது. குதிரை நடக்கும்போது அதன் விலா இடமும் வலமும் ஆடும், நிமிடத்துக்கு ஐம்பது அறுபது முறை. டிரம்மில் கல்லாக இறுகப் பழகிய இடுப்பு அந்த முதல் ஆட்டத்திலேயே உடைகிறது. டிரம் சட்டத்தின் கால்களுக்கு அடியில் பாதி காற்றடித்த பழைய லாரி டியூப் இரண்டைப் போடுங்கள். முன்னும் பின்னும் ஒருவர் பிடித்து, பக்கத்துக்கு நாலைந்து செ.மீ. அளவுக்கு, நொடிக்கு ஓர் ஆட்டமாக மெல்ல ஆட்டட்டும். பிள்ளையின் இடுப்பு டிரம்மோடு போக வேண்டும், மார்பும் தலையும் போகக் கூடாது.

சவுக்குத்தோப்பு:

இருவருக்கும் மிக்க நன்றி. ஈரமணலில் இன்று காலையே பார்த்தாயிற்று. ஒன்பதில் ஏழு தடத்தில் கிண்ணக்குழி. பாட்டில் பயிற்சியில் நான்கு பேர் மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டார்கள், அங்கிருந்து தொடங்குகிறோம்.

இன்னொன்று கண்ணில் பட்டது. பிள்ளைகள் வட்டத்தில் கண்ட இடத்தில் சரியவில்லை. கடல் பக்கம் போய்த் திரும்பும் அந்த வளைவில்தான் பெரும்பாலும் குலைகிறார்கள். வட்டம் சுமார் 10 மீட்டர் விட்டம். வேலி அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தது.

மட்டக்குதிரை:

அண்ணே, கடைசி வரியில் சொன்னீங்க பாருங்க, அதுதான் விஷயம். பிள்ளையை விடுங்க, மொதல்ல தரையப் பாருங்க.

கடலோரத் திடல் கண்ணுக்கு மட்டமாத் தெரியும், இருக்காது. கடல் பக்கம் சரிஞ்சுதான் கிடக்கும். வட்டத்துல பாதி இறக்கம், பாதி ஏத்தம். குதிரை ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவ நடைய மாத்துது. இறக்கத்துல முன்னங்கால்ல எடையப் போட்டு காலடி குட்டையாகும், ஏத்தத்துல முதுகு நீளும். அந்த மாறுற எடத்துலதான் பிள்ளை குலையுது. ஒரு நீளமான கண்ணாடிக் குழாய்ல தண்ணி விட்டு, கொத்தனார் மட்டம் பாக்கிற மாதிரி நாலு திசையும் பாத்திருங்க. சரிவு இருந்தா மண்ணை வெட்டி நிரவணும், இல்ல வட்டத்த தோப்புப் பக்கம் தள்ளணும்.

அடுத்தது ஆழம். கால் புதையிற உலர் மணல்ல குதிரைய வட்டம் விடவே கூடாது. குளம்பு உள்ள போய்ப் போய் கால் பின்பக்கத் தசைநாண் இழுபடும், ஒருதடவ வீங்குச்சுன்னா மாசக்கணக்கா நிறுத்தி வைக்கணும். அலையோரம் ஈரமணல் காங்கிரீட் மாதிரி, அதுவும் சரிவு வேற, வட்டத்துக்கு ஆகாது. கெட்டியான அடித்தளத்துக்கு மேல எட்டு பத்து சென்டிமீட்டர் மணல், தண்ணி தெளிச்சு இறுக்கினது, இதுதான் தோது. சீமைக்கருவேல முள்ளும் சிப்பி ஓடும் தினம் சலிச்சு எடுக்கணும். முள்ளு ஏறுன குதிரை நொண்டுறதுக்கு முன்னாடியே காலடிய மாத்தும், பழி பிள்ளை மேல விழும்.

10 மீட்டர் வட்டம் பத்தாதுண்ணே. போட்டிக்கே குறைஞ்சது 15 மீட்டர் விட்டம். கணக்கப் பாருங்க: நடையில நொடிக்கு 1.7 மீட்டர்னு வச்சா 15 மீட்டர் வட்டத்துல குதிரை உள்பக்கம் சாயுற சாய்வு ரெண்டு டிகிரிதான், பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. கேன்டர்ல நொடிக்கு 4 மீட்டர்னா 12 டிகிரி. அதே வேகம் 10 மீட்டர் வட்டத்துல 18 டிகிரி. பின்னால கேன்டருக்குப் போகணும்னா வேலிய இப்பவே மாத்துங்க. சின்ன வட்டத்துல கயிறு பிடிக்கிறவரும் குதிரைத் தலைய உள்ள இழுத்துக்கிட்டே இருப்பாரு. தலை உள்ள வந்தா பின்பக்கம் வெளிய போகும், முதுகு கோணும், மேல இருக்கிற கணைக்கால் வழுக்கும். கயிறு தொய்யவும் கூடாது, இழுக்கவும் கூடாது. கயிறு பிடிக்கிறவர் நடுவுல ஒரே எடத்துல நிக்கணும், குதிரை கூடவே அலையக் கூடாது.

குதிரை வயித்தச் சுத்திக் கட்டுற, கைப்பிடி வச்ச சர்சிங்கிள் பட்டையையும் பாத்துக்கங்க. கட்டும்போது குதிரை வயித்த உப்பி வச்சுக்கும். பத்து நிமிஷம் நடத்துன பிறகு திரும்ப இறுக்கணும், இல்லன்னா வலது கைப்பிடியில எடை விழ விழ பட்டை மெல்ல வலப்பக்கம் உருளும். பட்டை சுத்திக்கிட்டா எப்பேர்ப்பட்ட பிள்ளையும் சரியத்தான் செய்யும். மெத்தை பட்டைக்குப் பின்னால பாதம் படுற எடம் வரைக்கும் நீண்டிருக்கணும். பயிற்சி முடிஞ்சதும் பட்டைக்குப் பின்னால இருந்து இடுப்பு வரைக்கும் தண்டுக்கு ரெண்டு பக்கமும் விரலால அழுத்திக்கிட்டே போங்க. தோலு துடிச்சாலோ முதுகு பள்ளமா இறங்கினாலோ மறுநாள் குதிரைக்கு லீவு, டிரம்ல மட்டும் வேலை.

கச்சான் காத்து (மேக்கத்திக் காத்து) ஏறுற மாசங்கள்ல சாயந்திரம் வேணாம். மணல் கண்ணுல அடிச்சா குதிரை தலைய ஆட்டும். காலைல ஏழரைக்குள்ள முடிச்சிருங்க.

தேவிபட்டினம் பிசியோ:

முழங்கால் வலி பற்றி மட்டும் சுருக்கமாக. வலி எங்கே என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழங்கால் சில்லுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே எலும்பு புடைத்த இடத்தைக் காட்டி, தொட்டாலே வலிக்கிறது, மாடிப்படி ஏறினாலும் வலிக்கிறது என்றால் அது வெறும் அழுத்தம் இல்லை. வேகமாக வளரும் இந்த வயதில் தொடைத் தசைநாண் எலும்பில் பிடிக்கும் இடம் வீங்கும், ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். அந்தப் பிள்ளை முழங்காலிடும் எதையும் செய்யக் கூடாது, டிரம்மிலும்தான், ஈரமணலிலும்தான். எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை உட்காரும் நிலை, இறங்கும் பயிற்சி, குப்புறப் படுத்துக் காலை நீட்டித் தூக்குவது இவை போதும். வலி சில்லின் மேலேயே, பயிற்சி நேரத்தில் மட்டும் என்றால் ஈரமணல் அவர்கள் சொன்ன திருத்தத்திலேயே பெரும்பாலும் சரியாகும். மெத்தையைத் தடிமனாக்கித் தீர்க்கப் பார்க்காதீர்கள். மெத்தை புதையப் புதைய கணைக்கால் ஆடும்.

இன்னொன்று: கொலுசு, வளையல், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறட்டும். கொலுசு மெத்தையில் மாட்டினால் கால் திரும்பி வராது.

ஈரமணல்:

மட்டக்குதிரை சொன்னபடி வட்டத்தை மாற்றிய பிறகு, குதிரை மேல் எப்படித் திரும்பத் தொடங்குவது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நிற்கிற குதிரையில் ஒரு நாள். நடையில் முதல் வாரம் நாலுகால் நிலை மட்டும், அரை வட்டம். பிள்ளை வாய்விட்டு எண்ணட்டும். எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது, மூச்சு அடங்கினால்தான் இடுப்பு இறுகும். இரண்டாவது வாரம் காலை மெத்தையில் தேய்த்து நீட்டுவது. அதன்பிறகு கால் எழலாம், கை எழலாம். ஒருவர் ஒரு முறை ஏறினால் மூன்று முயற்சி, அதற்குமேல் வேண்டாம். நான்காவது முயற்சியில் பிள்ளையும் தளரும், குதிரை முதுகும் தளரும்.

சரியத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலிலேயே பழக்குங்கள்: நீட்டிய கால் உடனே மெத்தைக்கு, கை கைப்பிடிக்கு, நாலுகால் நிலை, பிறகு உட்காருதல். அதற்கும் நேரமில்லை என்றால் உள்பக்கமாக இறங்க வேண்டும், இரண்டு பாதமும் சேர்ந்து, முழங்கால் மடங்கி, முகம் குதிரை போகும் திசையில். வெளிப்பக்கம் குதிப்பதைப் பழக்கமாக விடாதீர்கள்.

கேன்டருக்கு எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஓர் அளவு: நடையில் முழு வட்டம் ஒன்று, பாட்டில் வைத்தால் உருளாத இடுப்போடு, தொடர்ந்து மூன்று நாள். ட்ராட்டில், அதாவது குதிரையின் குலுக்கு ஓட்டத்தில், கொடி நிலை வேண்டவே வேண்டாம். அந்தக் குலுக்கலில் கற்பது எதுவும் கேன்டருக்கு உதவாது, முழங்கால்தான் குத்தும். கேன்டரில் முதுகு பக்கவாட்டில் ஆடுவதைவிட முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடும். முதுகு மேலே தூக்கும் கணத்தில் முழங்காலுக்கு எழும்பினால் குதிரையே தூக்கிவிடும். இறங்கும் கணத்தில் எழும்பினால் எதிரெதிராக மோதும். ஏறுவதற்கு முன் பிள்ளை வட்டத்துக்கு வெளியே நின்று, முதுகு தூக்கும் அந்தக் கணத்துக்குக் கைதட்டிப் பழகட்டும்.

முடிக்கும்போது நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். காலும் கையும் ஒன்றாக இறங்கி, இரண்டு கைகளிலும் எடை ஏறி, கால்கள் இரண்டு பக்கமும் நீளமாக வழுக்கி, பட்டையை ஒட்டி மெல்ல உட்கார வேண்டும். பின்னால் இடுப்புப் பக்கம் பொத்தென்று உட்கார்ந்தால், அடுத்த பிள்ளை ஏறும் முன்பே குதிரை காதை மடக்கிவிடும்.

சவுக்குத்தோப்பு:

குழாய் மட்டம் பார்த்தாயிற்று. கடல் பக்கம் 40 செ.மீ. இறக்கம். நாளை தோப்புப் பக்கம் 15 மீட்டருக்கு அளந்து முளை அடிக்கிறோம். அதுவரை குதிரைக்கு ஓய்வு, பிள்ளைகளுக்கு ஈரமணலும் டியூப் போட்ட டிரம்மும். முழங்கால் வலிக்கிறது என்ற இருவரில் ஒருவர் பிசியோ சொன்ன அந்த எலும்புப் புடைப்பைத்தான் காட்டினார். மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம்.